பதில் சொல்லாமல் நிற்பது

கணக்கு டீச்சர் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொலைக்காட்சியைப் போட்டுவிடுவாள். பார்ப்பதற்காக அல்ல. யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தி வாசிக்கிறவரோ சோப்புத் தூள் விற்கிறவரோ, யாராக இருந்தாலும் சரி. அடுப்பில் டீ கொதிக்கும்போது அவர்களுக்குப் பதில்கூடச் சொல்வாள். "ஆமா, உன் சோப்பைப் போட்டுத்தான் என் துண்டு நூல் நூலா வந்துச்சு" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து மறுப்பு எதுவும் வராது.

இரண்டாவது மாடியில் மூன்று அறைகள் கொண்ட வீடு அது. ஒரு அறை, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுடையது. மடித்த போர்வை மடித்தபடியே கட்டிலில் இருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். ஒன்றில் டீச்சரின் கைப்பை, ஒன்றில் திருத்த வேண்டிய விடைத்தாள்கள், ஒன்றில் இஸ்திரி போட வேண்டிய துணிகள். நான்காவதில் டீச்சர்.

கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சின் பிரிவில் இருந்தார். ஆண்டுக்கு இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். மீதி நாட்களில் எந்தக் கடலில் இருக்கிறார் என்பது அவர் போனில் சொன்னால்தான் தெரியும். "சம்பாதிக்கிற புருஷன், சண்டை போடாத புருஷன். உனக்கென்ன குறை?" என்று அவருடைய அக்கா அடிக்கடி கேட்பாள். "ஒரு குறையும் இல்ல அண்ணி" என்பாள் டீச்சர். உண்மைதான். சண்டை போடவும் ஆள் வேண்டுமே.

பேச்சு அவளுக்குப் பிறவிக் குணம். உடன்பிறந்தவர்கள் ஐந்து பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவள். அங்கே வாய் உள்ள பிள்ளைக்குத்தான் கடைசித் துண்டு ரொட்டி கிடைக்கும். கல்யாணமாகி வந்த வீட்டில் ரொட்டி நிறைய இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ஆக, பேச்சையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். தொடக்க மணி அடிக்கும்போது திறக்கும் வாய், முடிவு மணிக்குத்தான் மூடும்.

பாடம் நன்றாகவே நடத்துவாள். கரும்பலகையில் எழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். "இருபதுல நாலுல மூணு பங்கு எவ்வளவு? சொல்லுங்க பாப்போம். ஆங், பதினஞ்சு. கரெக்ட். அடுத்தது!" கேள்வியும் அவளே, பதிலும் அவளே, பாராட்டும் அவளே. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் தேறியும் விடுவார்கள். கணக்கு டீச்சர் விளக்கினால் சுவருக்கும் புரியும் என்று தலைமை ஆசிரியையே சொல்லியிருந்தார். சொன்னாரே தவிர, அவரும் அந்த வகுப்பில் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தப் பள்ளியில் பக்கத்து வகுப்பு என்பது பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. காதில் விழும், தலையிடக் கூடாது.

அந்த வழக்கத்தைத்தான் தலைமை ஆசிரியை ஒரு நாள் உடைக்கப் பார்த்தார்.

"நம்ம முதுகு நமக்குத் தெரியாது" என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். "ரெண்டு ரெண்டு பேரா சேருங்க. வாரத்துக்கு ஒரு பீரியட், உங்க வகுப்பை போன்ல படம் பிடிங்க. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல கம்ப்யூட்டர் ரூம்ல ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. எனக்குக் காட்ட வேணாம். மார்க் கிடையாது, ரிப்போர்ட் கிடையாது. பேசிக்கங்க, போதும்."

"மேடம், என் வகுப்பைப் படம் பிடிச்சா பசங்க ஓடறது மட்டும்தான் தெரியும்" என்றார் விளையாட்டு ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

சாக்பீஸ் டப்பாவில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு ஜோடியாக வந்தவர் உயிரியல் ஆசிரியர், தவளை சார். ஒருமுறை பாடம் நடத்த ஜாடியில் கொண்டுவந்த தவளைகள் தப்பிப்போய், அதில் ஒன்று தலைமை ஆசிரியையின் சாப்பாட்டு டப்பாவின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தப் பெயர். கேலிக்கார மனிதர். அவர் வகுப்பிலிருந்து எப்போதும் சிரிப்புச் சத்தம் வரும். பாடம் நடத்துகிறாரா கூத்தடிக்கிறாரா என்று கணக்கு டீச்சருக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

முதல் வாரம், ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் போனை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தினாள். சாருக்குக் காட்டுவதற்கு முன் தானே ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று அன்று மாலை சாப்பாட்டு மேசையில் போனை வைத்தாள். தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

முதலில் தன் தலைமுடிதான் கண்ணில் பட்டது. பின்பக்கம் இவ்வளவு நரைத்துவிட்டதா? பிறகு குரல். வீடெல்லாம் அவள் குரலே நிறைந்தது. கேட்க இதமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் பிள்ளைகளைப் பார்த்தாள். ஜன்னலோர பெஞ்சில், முகத்தின் ஒரு பக்கம் தெரிய, இரட்டைப் பின்னல் போட்ட பெண் ஒருத்தி கையைப் பாதி தூக்குகிறாள், வாயைத் திறக்கிறாள். அதற்குள் டீச்சரே பதிலைச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பெண் வாயை மூடிக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அப்படியே. அதற்கப்புறம் அவள் கையைத் தூக்கவே இல்லை. பென்சிலைச் சீவத் தொடங்கிவிட்டாள்.

போன் கடைசி பெஞ்சில் இருந்ததால் அங்கே நடந்த கிசுகிசுப்பும் பதிவாகியிருந்தது.

"ரேடியோ இன்னிக்கு ஃபுல் வால்யூம்டா."

"ஆஃப் பண்ற ஸ்விட்ச் எங்கடா இருக்கு?"

அடக்கிய சிரிப்பு. டீச்சர் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். தனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை வகுப்புகள், எத்தனை பிள்ளைகள் கைமாற்றிக் கொடுத்த பெயரோ. வீடியோவை அழித்தாள். வழக்கம்போலத் தொலைக்காட்சியைப் போட்டாள். அதில் ஒருவன் பேச ஆரம்பித்ததும் காது கூசியது. அதையும் நிறுத்திவிட்டு, டீ ஆறுகிற வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் அறையில் தவளை சார் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பேட்டரி போயிடுச்சு சார்" என்றாள்.

"போனா போகுது. என்னோடதைப் பாருங்க."

அவர் இதயம் பற்றி நடத்திய பாடம். இதயத்தின் கதவுகளை விளக்க, ஒரு குண்டு மாமா சின்ன வாசலில் மாட்டிக்கொண்டு தவிப்பதை நடித்துக் காட்டினார். வகுப்பே உருண்டு சிரித்தது. கணக்கு டீச்சருக்குப் பொறாமையாக இருந்தது. பாட முடிவில் அவர் கேட்கிறார்: "இப்ப யாராவது சொல்லுங்க, ரத்தம் எந்த வழியா உள்ள வந்து எந்த வழியா வெளிய போகுது?" கடைசியில் ஒரு பையன் எழுந்து, "அந்த மாமா வழியா சார்" என்றான்.

தவளை சார் படத்தை நிறுத்தினார். "பாத்தீங்களா டீச்சர்? மாமா ஞாபகம் இருக்கார். ரத்தத்தைக் காணோம்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் முகத்திலிருந்து சிரிப்பு சீக்கிரமே இறங்கிவிட்டதை அவள் கவனித்தாள். அந்த வீடியோவை அவரும் அழித்திருக்கலாம். அழிக்காமல் கொண்டுவந்திருக்கிறார்.

"எனக்கு பேட்டரி போகல சார்."

"தெரியும்."

"எப்படி?"

"உண்மைன்னா நீங்க இவ்வளவு சுருக்கமா சொல்ல மாட்டீங்களே."

ரேடியோ கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு எத்தனையோ வருஷமா தவளைன்னு பேரு. ரேடியோ எவ்வளவோ மேல் டீச்சர். அதுல பாட்டாவது வரும்" என்றார். பிறகு, "அந்த ரெட்டைப் பின்னல் என்ன சொல்ல வந்திருப்பா?" என்று கேட்டார்.

டீச்சருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

கிளம்பும்போது அவளும் ஒன்று சொன்னாள்: "மாமாவை விட்டுடாதீங்க சார். ஆனா அவர் எந்த ரூம்ல இருந்து எந்த ரூமுக்குப் போறார்னு பசங்களையே வரையச் சொல்லுங்க. நீங்க நடிக்காதீங்க, அவங்க நடிக்கட்டும்." அவர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

இரண்டாவது வீடியோவை அழிக்காமல் கொண்டு போனாள். தவளை சார் அதை ஒரு செயலியில் ஏற்றினார். யார் எவ்வளவு பேசினார்கள் என்று நிறம் போட்டுக் காட்டுகிற செயலி அது. ஆசிரியரின் குரலுக்கு நீலம், பிள்ளைகளின் குரலுக்கு மஞ்சள். திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீலமாகவே ஓடியது. நடுவில் பொட்டுப் பொட்டாக மஞ்சள்.

"கடல் மாதிரி இருக்கு. அங்கங்க ரெண்டு படகு" என்றார் அவர், எதையும் நினைத்துச் சொல்லாமல்.

அவள் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேள்வி கேட்டுட்டு சும்மா இருங்க டீச்சர். பதில் வர்ற வரைக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"போதும்னு உங்களுக்குத் தோணும்ல? அதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் சார் தாமே வந்து கடைசி பெஞ்சில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் பலகையில் ஒரு கேள்வியை எழுதினாள்: ஆறை அரையால் வகுத்தால் என்ன வரும், ஏன்? எழுதிவிட்டுத் திரும்பி நின்றாள். யாரும் பேசவில்லை. விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு பேருந்து நின்று கிளம்பியது. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமானது. மடித்த போர்வையிலும் ஆளில்லாத நாற்காலிகளிலும் இருக்கிற அதே அமைதி. இங்கேயும் தேடி வந்துவிட்டதே என்று தோன்றியது. "பன்னெண்டு!" என்று கத்திவிட்டாள். ஏன் பன்னிரண்டு என்று விளக்கவும் தொடங்கிவிட்டாள். கடைசி பெஞ்சில் தவளை சார் கண்ணை மூடித் திறந்தார்.

"என்னால முடியல சார்" என்றாள் அந்த வெள்ளிக்கிழமை.

"ஏன்?"

அவள் பேசாமல் இருந்தாள். அவரும் பேசவில்லை. எதையாவது சொல்லி நிரப்புவார் என்று பார்த்தாள். நிரப்பவில்லை.

"வீட்டுக்குப் போனா அதைத்தானே கேக்கறேன். இங்கயும் அதே வேணுமா?" என்றாள். சொன்ன பிறகுதான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது உறைத்தது.

தவளை சார் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், எங்க குடும்பம், எல்லாம் ஒரே கூரைக்கு அடியில. நான் ஒரு வார்த்தை பேசணும்னா டோக்கன் வாங்கணும். அதான் இங்க வந்து குட்டிக்கரணம் போடறேன் போல."

"பாவம் பசங்க" என்றாள் டீச்சர்.

"நம்ம ரெண்டு பேரும் நல்லா மாட்டினோம் அவங்ககிட்ட. இல்ல, அவங்க நம்மகிட்ட."

இருவரும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். வெறுமனே காத்திருக்க வேண்டாம். கேள்வி கேட்டதும் பிள்ளைகள் முதலில் தனியாக யோசித்து எழுதட்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் எல்லோருக்கும் சொல்லட்டும். அந்த நேரத்தில் டீச்சருக்கும் ஒரு வேலை வேண்டும். முகங்களைப் பார்ப்பது. யாருடைய நெற்றி சுருங்குகிறது, யார் உதடு முணுமுணுக்கிறது, யார் விரல் மடக்குகிறார்கள். "பிராக்டிகல் வகுப்புல மைக்ராஸ்கோப் பாப்போமே, அது மாதிரி. பேசினா ஆடிடும்" என்றார் சார்.

அடுத்த வகுப்பில், ஆறுக்குப் பதில் எட்டு என்று மாற்றி, அதே மாதிரிக் கேள்வியை மறுபடி எழுதினாள். இந்த முறை வாயை மூடிக்கொண்டு முகங்களைப் பார்த்தாள். முன்னால் இருந்த பையன் காற்றில் ஏதோ வெட்டிக்கொண்டிருந்தான். வகுப்பில் மெல்ல முணுமுணுப்பு எழுந்தது, தேனீக் கூடு போல. அப்புறம் ஜன்னலோரத்திலிருந்து கொஞ்சம் கரகரத்த ஒரு குரல் வந்தது. இரட்டைப் பின்னல்காரி.

"எட்டு பிரெட் இருக்கு டீச்சர். ஆளுக்கு அரை அரையா குடுத்தா பதினாறு பேர் சாப்பிடலாம். வகுத்தா சின்னதாகும்னு சொல்றாங்க, அது பொய் டீச்சர். துண்டு சின்னதானா எண்ணிக்கை கூடும்."

"அப்ப ரெண்டால வகுத்தா மட்டும் ஏன் கம்மியாகுது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கேட்டது டீச்சரை அல்ல, அவளை. அவள் திரும்பி உட்கார்ந்து அவனோடு வாதாடத் தொடங்கினாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை.

தலைமை ஆசிரியையின் அலமாரியில் பூட்டிக் கிடந்த பலகைக் கணினிகளை அதற்கப்புறம் தவளை சார்தான் கேட்டு வாங்கி வந்தார். பெஞ்சுக்கு ஒன்று. தாங்கள் கண்டுபிடித்ததைப் பிள்ளைகள் தங்கள் குரலிலேயே பதிவு செய்து வகுப்புக் குழுவில் போட வேண்டும். சரியோ தப்போ, ஏன் என்று சொல்ல வேண்டும். டீச்சர் மாலையில் வீட்டில் அவற்றைக் கேட்டாள். தொலைக்காட்சிக்கு வேலை இல்லாமல் போனது. வெங்காயம் நறுக்கும்போது ஒரு பெஞ்சு, பாத்திரம் கழுவும்போது ஒரு பெஞ்சு. "டேய் நீ சொல்லுடா" "நான் மாட்டேன், நீ சொல்லு" என்று தள்ளுமுள்ளு, இருமல், சிரிப்பு, நடுவில் சட்டென்று ஒரு நல்ல யோசனை. யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது பரீட்சைத் தாளில் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் பாடம் அங்கிருந்து தொடங்கும். பதிவுகள் தீர்ந்ததும் வீடு பழையபடி ஆகிவிடும். சில நாட்களில் கேட்டதையே மறுபடியும் போட்டுக் கேட்பாள். அது பாடத்துக்காக அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் போன் செய்தார். எப்போதும் அவள்தான் பேசுவாள். தண்ணீர் வரி, மகளின் ஜலதோஷம், மேல்மாடிக்காரர் வளர்க்கும் பூனை என்று ஓடும். அவர் "ம்" கொட்டுவார். அன்றைக்கு ஏனோ, "உங்களுக்கு அங்க எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள்.

இஞ்சின் இரைச்சல் தூரத்தில் கேட்டது.

"கேக்குதா?" என்றார்.

"கேக்குது. நீங்க சொல்லுங்க."

நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. நாக்கு நுனிவரை பூனைக் கதை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கரையில ஒரு வேலை இருக்குன்னு கம்பெனில கேட்டாங்க" என்றார் அவர். "நான்தான் வேணாம்னுட்டேன். இன்னொரு காண்ட்ராக்ட் கையெழுத்துப் போட்டுட்டேன். போன மாசமே."

அவள் பேசவில்லை. இப்போது அது பயிற்சியால் அல்ல.

"கோவப்படாத. வீட்டுக்கு வந்தா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. டம்ளர் எங்க இருக்குன்னு உன்னைத்தான் கேக்கணும். விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கேன். நீ பேசிட்டே இருப்ப, நான் ம் போட்டுட்டே இருப்பேன். அப்படியே லீவு முடிஞ்சிடும். இங்க இஞ்சின் சத்தத்துல எனக்கு ஒரு இடம் இருக்கு. அங்க..." நிறுத்தினார். "உன் மேல தப்பில்ல."

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ கேட்டதில்லயே" என்றார். பிறகு அவசரமாக, "கேட்டிருப்ப. நான் சொல்றதுக்குள்ள வேற எதுக்கோ போயிருப்ப" என்றார். குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்கிற தொனி.

இணைப்பு அறுந்தது. அவள் மறுபடி அழைக்கவில்லை. அவர் பேசாதவர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். அந்தப் பக்கமும் ஒரு பாதி தூக்கிய கை இருந்திருக்கிறது. பேசிக்கொண்டே இருந்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். தெரிந்தது நல்லதா என்று கேட்டால் அன்றைக்கு அவளால் சொல்ல முடிந்திருக்காது.

மறுநாள் தவளை சார் அவள் முகத்தைப் பார்த்தார். "உடம்பு சரியில்லயா டீச்சர்?" என்றார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் மேலே கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. ஆசிரியர் அறையில் எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகுதான் எழுந்தார்.

கணவர் அந்த ஆண்டு விடுமுறைக்கு வந்தார். டீச்சர் நாற்காலிகளைக் காலி செய்து வைத்திருந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்சு குறைந்திருந்தது. சில வேளைகளில் அவர் தானாக ஏதாவது சொன்னார். கடலில் பார்த்த ஒரு பறவை, இறந்துபோன சமையல்காரர். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். சில வேளைகளில் ஒன்றுமே இல்லாமல் சாப்பாடு முடிந்தது. டம்ளர் இருக்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு விடுமுறை முடிந்து கப்பலுக்குப் போனார். போய்ச் சேர்ந்ததும் அவரே போன் செய்தார். முன்பெல்லாம் அப்படிச் செய்ததில்லை. அவ்வளவுதான் மாற்றம் என்றால் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் மாற்றம் அதைவிடக் கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற ஜோடிகளில் சில பாதியில் கழன்றுகொண்டன. விளையாட்டு ஆசிரியரும் ஓவிய ஆசிரியையும் விடாமல் தொடர்ந்தார்கள். தவளை சாரின் வகுப்பில் பிள்ளைகள் ரத்தம் போகும் வழியைத் தரையில் சாக்பீஸால் வரைந்து அதில் நடந்தார்கள். அவர் ஓரமாக நின்று பார்த்தார். நடிக்க முடியாத ஏக்கம் அவர் முகத்தில் கொஞ்சம் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் கணக்கு வகுப்பில் மின்சாரம் போனது. பலகைக் கணினிகளில் சார்ஜ் இல்லை, போனும் பதிவு செய்யவில்லை. அறை மங்கலாக இருந்தது. பலகையில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: பெருக்கினால் எப்போதும் பெரிதாகுமா? பிள்ளைகள் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாதாடினார்கள். இரட்டைப் பின்னல்காரி எழுந்து பலகைக்குப் போய், டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளைச் சுற்றி நாலைந்து பேர் கூடினார்கள். "இல்லடி, சைபர் புள்ளி அஞ்சால பெருக்கிப் பாரு" என்று ஒருவன் கத்தினான்.

டீச்சர் நகர்ந்து ஜன்னலோரம் போய் நின்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், திருத்திக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள். அவள் இல்லாமலே வகுப்பு நடந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு என்று நினைத்தாள். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும், "டீச்சர், இது சரியா?" என்று யாராவது ஒருவர் கேட்டால் தேவலை என்று இருந்தது. மழை உள்ளே சாரலடித்தது. ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள்.